அரிவாளுக்குக் கீழே கோடு

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும். முரசுமோட்டையில் அக்கா வீட்டுத் திண்ணையில் ஒரு பின்னேரம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் மருமகன் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். "பொருந்தாததைத் தெரிவு செய்க" என்ற இடத்தில் நான்கு சொற்கள்: கோடரி, கத்தி, அரிவாள், விறகு. அவன் அரிவாளுக்குக் கீழே கோடு போட்டிருந்தான். அதன்மேல் சிவப்புப் பேனையால் பெரிய பிழை. ரியூசனில் போட்டது. கூடவே "மொக்கு" என்று ஒரு பேச்சும் வாங்கியிருக்கிறான்.

"ஏன் தம்பி அரிவாள்?"

"கோடரியும் கத்தியும் விறகு கொத்திறதுக்கு மாமா. அது மூண்டும் குசினிக்குப் பின்னால ஒண்டாத்தான் கிடக்கும். அரிவாள் மாட்டுக்குப் புல்லு வெட்டிறது. அது பட்டியடியில இருக்கும்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவன் யோசிக்காமல் கோடு போடவில்லை. தான் தினமும் பார்க்கிற முற்றத்தை நினைத்து, எது எதோடு சேரும் என்று சரியாகத்தான் பிரித்திருக்கிறான். மற்ற மூன்றும் கருவிகள், விறகு மட்டும் கருவி இல்லை என்பது வினாத்தாள் போட்டவரின் கணக்கு. இவனுடையது வேறு கணக்கு.

1931, 32இல் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் பக்கம் போய், பள்ளிக்கூடமே காணாத விவசாயிகளிடம் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டார். சுத்தியல், மரம் அரியும் வாள், கோடரி, ஒரு மரக்குற்றி. எதை விலக்குவது? அவர்கள் எதையும் விலக்க மறுத்துவிட்டார்கள். மரக்குற்றி இல்லாமல் வாளை வைத்து என்ன செய்வது என்பது அவர்களுடைய நியாயம். கொஞ்சக் காலம் பள்ளிக்கூடம் போனவர்களோ கருவிகளை ஒரு பக்கம் சேர்த்து மரக்குற்றியை விலக்கினார்கள். சின்னதாக ஒரு படிப்பு, அதோடு பொருட்களை வகைப்படுத்தும் விதமே மாறிவிட்டது.

அதை என் கண்ணாலேயே பார்த்தேன். மருமகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "பொருள் எங்க கிடக்குது எண்டு பாக்காத, அது என்ன சாதிப் பொருள் எண்டு பார்." மூன்று கிழமையில் அந்த வகைக் கேள்விகளில் பிழையே விடவில்லை. மூன்று கிழமையில் அவனுக்குப் புது மூளையா முளைத்தது? அப்படியானால் முதல் நாள் அந்தச் சிவப்புப் பேனை அளந்தது எதை?

இப்படியான கேள்விகளை வைத்துப் பிள்ளைகளை அளக்கிற நுண்ணறிவுச் சோதனைகள் பிறந்த கதையைப் படித்தால் மனம் கனக்கிறது. 1904இல் பிரான்சின் கல்வி அமைச்சு, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவ ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் அல்பிரட் பினே, சிமோன் என்பவரோடு சேர்ந்து 1905இல் முதல் நுண்ணறிவுச் சோதனையைத் தயாரித்தார். யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். ஒரு பிள்ளையின் அறிவு கூட்டவே முடியாத ஒரு நிலையான அளவு என்று சொல்பவர்களை எதிர்த்து அவரே எழுதினார். அவர் 1911இல் இறந்துபோனார். பிறகு சோதனை அமெரிக்காவுக்குப் போய் ஆட்களைத் தரம் பிரிக்கும் அரிதட்டாக மாறியது. முதலாம் உலகப் போரில் பதினேழு லட்சம் பேருக்கு மேல் பரீட்சை வைத்தார்கள். எழுத்து வாசிப்புத் தெரியாதவர்களுக்குப் படத்தில் எது குறைகிறது என்று கேள்வி. ஒரு படத்தில் ரெனிஸ் மைதானத்தில் வலை இல்லை. ரெனிஸ் மைதானத்தைக் கண்ணாலும் காணாதவனுக்கு என்ன குறைகிறது என்று எப்படித் தெரியும்?

எங்கள் புலமைப்பரிசிலும் நல்ல மனதோடு தொடங்கியதுதான். 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியோடு, கிராமத்து ஏழைப் பிள்ளை ஒரு நல்ல பாடசாலைக்குப் போகட்டும் என்று வந்தது. இன்றைக்கு மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, வெட்டுப்புள்ளிக்கு மேல் போன பிள்ளைக்குச் சந்தியில் பனர். மற்றப் பிள்ளை அந்தப் பனருக்குக் கீழால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக வேண்டும். பத்து வயதில்.

சோதனை எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வகைக் கேள்வியில் நன்றாகச் செய்பவர்கள் மற்ற வகைகளிலும் பெரும்பாலும் நன்றாகச் செய்கிறார்கள் என்று ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1904இலேயே காட்டினார். அதை இன்றுவரை யாரும் தள்ளிவிட முடியவில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒரு பிள்ளையைத் தனியே இருத்தி, அந்தப் பிள்ளையின் மொழியில், அந்த மண்ணுக்குப் பொருத்திய சோதனையைச் செய்தால், கற்றல் இடர்பாட்டை நேரத்தோடு கண்டுபிடிக்கலாம். வன்னியில் அப்படிப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் மண்டபத்தில் நூறு பிள்ளைகளை இருத்தி மணி அடித்து எடுக்கிற புள்ளி அது இல்லை.

கருத்தரங்குகளில் இப்போது அடிக்கடி அமெரிக்க உளவியலாளர் கார்ட்னரின் பன்முக நுண்ணறிவைச் சொல்கிறார்கள். இவனுக்குக் கணக்கு வராவிட்டால் இசை வரும், உடலறிவு இருக்கும் என்று. 1983இல் வந்த கோட்பாடு. கேட்க ஆறுதல்தான், ஆனால் ஆய்வுகளில் அதற்குக் கிடைத்த ஆதரவு மிகக் குறைவு. எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். எங்கள் பிள்ளைக்குக் கணக்கே வரும். ஒழுங்காகப் படிப்பிக்க ஆளும் நேரமும் கிடைத்தால்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2018இல் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. பள்ளிக்கூடத்தில் கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருடமும் நுண்ணறிவுப் புள்ளியை ஒன்று முதல் ஐந்து வரை உயர்த்துகிறதாம். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை இல்லை. 2008இல் நான் ஐந்தாம் ஆண்டு. மல்லாவியில் இருந்து இடம்பெயர்ந்து, தருமபுரத்தில் தரப்பாள் கொட்டிலில் இருந்தோம். மரத்துக்குக் கீழே வகுப்பு, அதுவும் ஷெல் சத்தம் இல்லாத நாட்களில். அடுத்த வருடம் வகுப்பே இல்லை. மீளக்குடியேறி வந்தபிறகு ஓர் ஆசிரியர் என் புள்ளியைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "உன்ர மண்டை இவ்வளவுதான்." நான் அதை வருடக்கணக்காக நம்பினேன். உயர்தரத்தில் கணிதம் எடுக்க ஆசை இருந்தும் கேட்கவே இல்லை.

இன்னொன்று, நம் பக்கத்துக்குக் கிட்டவே நடந்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள், 2013இல் வெளிவந்த ஆய்வு. அதே ஆட்கள்தான். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய காலத்தில் புள்ளி குறைவு, காசு வந்தபிறகு புள்ளி கூடியது. அத்தானை நினைத்துக்கொண்டேன். இரணைமடுவில் தண்ணி குறைந்து சிறுபோகம் சுருங்கிய வருடங்களில், அடகு நகை, உரக்கடைக் கடன் என்று இரவில் நடக்கிற பேச்செல்லாம் மருமகன் பாயில் கிடந்தபடி கேட்கிறான். விடிய எழும்பி நேரத்துக்குள் வினாத்தாள் செய்ய வேண்டும்.

பரீட்சை முடிந்துவிட்டது. பெறுபேறு வரப்போகிறது. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பிழை போட முதல் ஒருக்கால் "ஏன் இதைப் போட்டனி?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அரை நிமிடம்தான் போகும். அக்கா வீட்டுக்கு அக்கம்பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன், படலையில் நின்று அவனிடம் "எத்தினை?" என்று கேட்க வேண்டாம் என்று. வருகிற சனிக்கிழமை அவனுக்கு நான் பின்னம் படிப்பிக்க வேண்டும். அதில்தான் கொஞ்சம் தடக்குப்படுகிறான்.