'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது

அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலியின் குறிப்புகளோடு ஏஐ உதவியாளரை இணைப்பது எப்படி என்று வரும் காணொளிகள் பெரும்பாலும் இணைப்பு வேலை செய்ததும் முடிந்துவிடுகின்றன. இணைப்பது பத்து நிமிட வேலை. குறிப்புகள் தமிழில் இருந்தால் தலைவலி அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்தப் பத்து நிமிடம். அப்சிடியன் குறிப்புகள் எல்லாமே மார்க்டவுன் என்ற சாதாரண உரைக் கோப்புகள் என்பதால் எதையும் ஏற்றுமதி செய்ய வேண்டாம். 2024 நவம்பரில் கிளாட் உதவியாளரை உருவாக்கிய ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபிதான் (ஏஐ உதவியாளரை வெளிக் கோப்புகள், கருவிகளோடு பேசவைக்கும் நெறிமுறை) நடுவில் இருக்கும் பாலம். கிளாடின் கணினிச் செயலியான கிளாட் டெஸ்க்டாப்பில் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்ஸ்) பகுதிக்குப் போய், கோப்புகளைப் படிக்கவிடும் ஃபைல்சிஸ்டம் நீட்சியை நிறுவி, குறிப்பு ஃபோல்டரை மட்டும் காட்டினால் போதும். நீட்சிக்குப் பதிலாக, அமைப்பு விவரங்கள் இருக்கும் ஜேசான் கோப்பைக் கையால் திருத்துபவர்கள் வழக்கமாக மாட்டுவது இரண்டு இடங்களில். விண்டோஸ் பாதையில் பின்சாய்கோட்டை இரட்டையாகப் போட மறப்பது ஒன்று. ஜன்னலை மட்டும் மூடிவிட்டுச் செயலியையே மூடியதாக நினைப்பது இன்னொன்று. டாஸ்க்பார் ஓரத்து ஐகானிலிருந்தும் வெளியேறித் திறந்தால்தான் புது அமைப்பு ஏறும்.

இனி பலர் கவனிக்காத விஷயம். அந்த ஃபைல்சிஸ்டம் கருவியின் தேடல் கோப்பின் பெயரை மட்டும்தான் தேடும், உள்ளே இருப்பதைத் தேடாது. '2024-03-11' என்று பெயர் வைத்த குறிப்புக்குள் வாடகை ஒப்பந்த விவரம் முழுதும் இருந்தாலும், 'வாடகை முன்பணம் எவ்வளவு' என்று கேட்டால் அது அந்தக் கோப்பைத் திறக்கவே காரணம் இல்லை. திறக்காமலேயே 'உங்கள் குறிப்புகளில் இல்லை' என்று சொல்லிவிடும். இதற்கு இரண்டு வழி: கோப்புகளுக்கு விஷயத்தைச் சொல்லும் பெயர் வைப்பது, அல்லது கிளாட் கோட், கோடெக்ஸ் மாதிரி டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஓடும் உதவியாளரைக் குறிப்பு ஃபோல்டருக்குள்ளேயே இயக்குவது. அவை ரிப்கிரெப் போன்ற கருவியால் உள்ளடக்கத்தையே தேடும். என் வாக்கு இரண்டாவதுக்கு.

ஆனால் உள்ளடக்கத் தேடலிலும் தமிழ் வழுக்கும். ஆங்கிலச் சொல்லில் பெரும்பாலும் வால் மட்டும் நீளும். தமிழில் சொல்லின் உடம்பே மாறுகிறது. வீடு, வீட்டில், வீட்டுக்கு, ஆறு, ஆற்றில், மரம், மரத்தடி. 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' அகப்படாது. ஒருங்குறியில் (யூனிகோட்) உயிர்க்குறி தனி எழுத்தாகச் சேமிக்கப்படுவதால் எளிய வழி ஒன்று உண்டு. கடைசிக் குறியைக் கழற்றி 'வீட' என்று தேடினால் வீடு, வீடுகள், வீட்டில் மூன்றும் வரும். 'மரம்' என்பதை 'மர' ஆக்கினால் மரபும் மரணமும்கூட வந்து சேரும், அதை உதவியாளர் படித்துக் கழித்துக்கொள்ளும். இதை அதனிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. ஃபோல்டரின் மேல்மட்டத்தில் வழிகாட்டிக் கோப்பு ஒன்று வையுங்கள் (கிளாட் கோடுக்கு 'கிளாட் டாட் எம்டி', கோடெக்ஸுக்கு 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி'). அதில் மூன்று வரி: அடிச்சொல்லால் தேடு, அதே சொல்லை ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் தேடு, மருத்துவமனை, ஆஸ்பத்திரி, ஹாஸ்பிடல் மூன்றும் ஒன்று. நாம் குறிப்பெடுக்கும் லட்சணம் அப்படித்தானே.

கண்ணுக்குத் தெரியாத கோளாறும் உண்டு. 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலில் பொருந்தாது. எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை என்எஃப்சி என்ற, ஒருங்குறியின் சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகும். ஆனால் 'ஔவை'யை 'ஒ', 'ள', 'வை' என்று தட்டியிருந்தால் என்எஃப்சியாலும் திருத்த முடியாது, தேடி மாற்ற வேண்டியதுதான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் கணினியின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறிக்கு மாற்றாமல் அவற்றை இணைப்பதில் பயனில்லை.

உரையை எண்களாக்கிப் பொருளால் தேடும் எம்பெடிங் முறைக்குப் போகிறவர்கள் எந்த மாடல் என்று பாருங்கள். எங்கும் பரிந்துரைக்கப்படும் 'ஆல் மினிஎல்எம்' ஆங்கிலத்துக்கானது. தமிழ் வாக்கியங்களைக் கொடுத்தால் சம்பந்தமில்லாதவற்றை நெருங்கியவை என்று காட்டும். தமிழும் தெரிந்த 'பிஜிஇ எம்3' 8192 டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு அலகு) வரை ஒரே துண்டாக வாங்கும். 'மல்டிலிங்குவல் இ5' 512 டோக்கனோடு வெட்டிவிடும்; கேள்விக்கும் குறிப்புக்கும் முன்னால் அதற்குரிய முன்சொல்லைச் சேர்க்காவிட்டால் தரம் குறையும். 'வீட்டில்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, ஒருங்குறியைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். டோக்கன் நாம் நினைப்பதைவிட வேகமாகத் தீரும். ஒல்லாமா என்ற மென்பொருளால் சொந்தக் கணினியிலேயே மாடலை ஓட்டுபவர்கள் கான்டெக்ஸ்ட் நீளத்தை (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் உரையின் அளவு) தாங்களே கூட்டிவைப்பது நல்லது. அதன் முன்னிருப்பு (டீஃபால்ட்) பல காலம் 2048 ஆக இருந்தது, பிறகு 4096 ஆனது; புதிய பதிப்புகளில் கணினியைப் பொறுத்து மாறும். அதைத் தாண்டியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பதில் மட்டும் நம்பிக்கையாக வரும். சில நூறு குறிப்புகள்தான் இருக்கின்றன என்றால் எம்பெடிங் எல்லாம் வேண்டாம் என்பேன். நல்ல பெயர்களும் ஒரு அட்டவணைக் குறிப்பும் போதும்.

எழுதும் உரிமையில் நான் கறார். படிக்க மட்டும் விடுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் தனி ஃபோல்டர் ஒன்றுக்குள் மட்டும், அதுவும் மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் கருவியில் கமிட் போட்டுப் பழைய நிலையைச் சேமித்த பிறகு. உதவியாளர் வெளியிலிருந்து கோப்பின் பெயரை மாற்றினால் குறிப்புகளுக்கு இடையே உள்ள அப்சிடியன் இணைப்புகள் தானாகத் திருந்தாது. ஐம்பது கோப்பை 'ஒழுங்குபடுத்தி'விட்டால் இணைப்புகள் அத்தனையும் அறுந்து தொங்கும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அது எழுதிய சுருக்கம் நம் குறிப்போடு கலந்தால், அடுத்த முறை தன் ஊகத்தையே நம் குறிப்பு என்று மேற்கோள் காட்டும்.

பாதுகாப்பு. மென்பொருளாளர் சைமன் வில்லிசன் 2025இல் மூன்று விஷயங்களின் கூட்டைக் கொடியது என்றார்: அந்தரங்கத் தரவு, நம்பத் தகாத உள்ளடக்கம், வெளியே தகவல் அனுப்பும் வழி. குறிப்புப் பெட்டியில் முதலாவது எப்போதும் இருக்கிறது. இணையத்திலிருந்து கிளிப் செய்த பக்கங்கள் இரண்டாவது. அதில் ஒளித்து எழுதிய கட்டளையை உதவியாளர் உங்கள் பேச்சு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். மூன்றாவதற்கு மின்னஞ்சல்கூட வேண்டாம். உதவியாளர் தகவலைப் பட முகவரிக்குள் வைத்துக் குறிப்பில் எழுதினால், நீங்கள் திறந்தவுடன் அப்சிடியன் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தைக் கேட்கும், தகவலும் கூடவே போய்விடும். ஆகவே கிளிப்புகளுக்குத் தனி ஃபோல்டர், அதை இணைக்காதீர்கள். ஆதார் எண், வங்கி, மருத்துவ அறிக்கை அனுமதித்த ஃபோல்டருக்கு வெளியே. மறைந்திருக்கும் 'டாட் அப்சிடியன்' ஃபோல்டரையும் விலக்குங்கள். பல செருகுநிரல்கள் (பிளகின்) ஏபிஐ சாவிகளை (இணையச் சேவைகளுக்கான ரகசியக் கடவுச்சொற்கள்) அங்கே பூட்டாமல்தான் வைக்கின்றன.

இணைத்ததும் உங்களுக்கு விடை தெரிந்த ஐந்து கேள்வி கேளுங்கள், எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு. நான்கில் வேண்டுமென்றே 'வீட்டில்' மாதிரி உருபேற்ற சொற்களைப் போடுங்கள். ஐந்தாவது குறிப்புகளில் இல்லவே இல்லாத ஒன்றாக இருக்கட்டும். அதற்கும் சரளமாகப் பதில் வந்தால் வழிகாட்டிக் கோப்பில் நான்காவது வரி சேர்க்க வேண்டும்: கோப்பின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் 'குறிப்பில் இல்லை' என்று சொல்.