பால் வற்றிய மரமும் பச்சையாகத்தான் நிற்கும்

போன வாரம் குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் சித்தப்பாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் ஒரு மரம் மட்டும் மற்றதைவிடச் செழிப்பு. ஆனால் அதன் பால் பிடிக்கும் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. "இதுல ஏன் பால் வெட்டல்ல சித்தப்பா?" என்றேன். கத்தியால் பட்டையில் லேசாகக் கீறிக் காட்டினார். உள்ளே தவிட்டு நிறத்தில் காய்ந்து கிடந்தது. ஒரு துளி பால் இல்லை.

"பட்டமரப்பு, மக்களே. பட்டை காஞ்சு பால் நின்னு போற நோய். போன வருசம் இந்த மரத்துலதான் பால் கூடுதல். மத்தியானம் வரைக்கும் சொட்டிட்டே நிக்கும். ஆனா தண்ணிப் பாலு. அப்பமே வெட்ட நிறுத்தியிருக்கணும். நானும் கொள்ளாமே, நல்லா வருதேன்னு வெட்டிட்டேன்."

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அந்த மரம்தான் கண்ணுக்குள் நின்றது. ஏழு வருடமாக நான் சபைக் கமிட்டியில் இருக்கிறேன். பாவ அறிக்கையை வாய் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருக்க, மனது அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யார் யார் பாக்கி என்று கணக்குப் போட்டது. மூவாயிரத்துக்குப் போன பலாப்பழத்துக்கு இன்னும் காசு வரவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. அன்றைய பிரசங்க வசனம் ஞாபகம் இல்லை.

பைபிளில் முடியோடு பலத்தையும் இழந்த சிம்சோன் கதையில் எனக்குப் பயம் தருவது தலைமுடி சிரைக்கப்பட்டது அல்ல. தூங்கி எழுந்தவன் "எப்போதும்போல" உதறிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறானே, அதுதான் (நியாயாதிபதிகள் 16:20). கர்த்தர் விலகிப்போனது அவனுக்குத் தெரியவே இல்லை. வலித்திருந்தால் தெரிந்திருக்கும்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் இயேசுவின் கடிதம் பெற்ற லவோதிக்கேயாவும் அப்படித்தான். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்த ஊர் அது. ரோமின் உதவி இல்லாமல் சொந்தக் காசிலேயே எழுந்து நின்றதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த ஊர்ச் சபைக்கும் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற பேச்சு எளிதாக வந்திருக்கிறது. "வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தை நாம் வெளியாட்களுக்குச் சொன்னது மாதிரி வீட்டு வாசலில் ஸ்டிக்கராக ஒட்டுகிறோம். அது ஒரு சபைக்கு எழுதிய கடிதம். உள்ளே ஆராதனை நடக்கிறது, இயேசு வெளியே நிற்கிறார்.

நம்ம ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே நம் பக்கத்து மைலாடிக்கு வந்த கதையை ஆண்டு விழாக்களில் நன்றாகவே சொல்லுகிறோம். மேலாடை போட்டதற்காக நம் பாட்டிகளின் பாட்டிகள் சந்தையில் அடிவாங்கினார்கள், உடுத்தது கிழிபட்டது. 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அவர்கள் பட்ட பாட்டின் வட்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முதல் கரைவது கணக்கில் தெரிவதில்லை.

"அப்போ மூணு நாள் கன்வென்ஷன் வைப்போம்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். தாராளமாக வையுங்கள், பந்தல் வேலைக்கு நானும் வருகிறேன். ஆனால் கூட்டம் நிரம்புவதை வைத்து மட்டும் எதையும் நம்ப எனக்கு இப்போது மனசில்லை. தண்ணிப் பாலும் நிறையத்தான் சொட்டும்.

இதை எழுத வைத்தது வேறொரு சம்பவம். எங்கள் தெருவில் ஒருவர், என்னைவிட இளையவர், திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்குப் போகும் முன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அண்ணா, நாளைக்கு காலையில எட்டு மணிக்கு. ஜெபத்துல நினைச்சுக்கிடுங்க." உடனே "கண்டிப்பா ஜெபிக்கிறேன் தம்பி" என்று பதில் போட்டேன். அத்தோடு மறந்துபோனேன். எட்டு மணிக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் அவரைப் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எல்லாரும் ஜெபிச்சதுதான் அண்ணா" என்றார். கண் கலங்கியிருந்தது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. டீக்காசையும் அவரே கொடுத்தார்.