வகுப்புத் தலைவர் தேர்தல் வேறு, தேர்தல் பாடம் வேறு

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல் பாடம் வந்ததும் பல பள்ளிகளில் ஒரே காட்சிதான். நாலு பேரை நிறுத்துவார்கள். செல்போனில் வாக்கு இயந்திரச் செயலி ஒன்றை இறக்குவார்கள். 'பீப்' சத்தம், விரலில் மை, போட்டோ. யார் பின்னால் கூட்டம் அதிகமோ அந்தப் பையன் ஜெயிப்பான் (பெரும்பாலும் பையன்தான்). பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். இதற்கு ஒரு பாடவேளை எதற்கு?

முதல் மாற்றம்: ஆளை நிறுத்தாதீர்கள். கையில் கட்டிய கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லும் பள்ளிகள் நம்மிடம் உண்டு. அங்கே ஆளுக்கு ஆள் போட்டி என்றால் தலை எண்ணும் வேலையாகத்தான் முடியும். தோற்ற பிள்ளையோ வருடம் முழுக்க அதே பெஞ்சில் உட்கார வேண்டும். ஆளுக்குப் பதில் திட்டங்களை நிறுத்துங்கள். பள்ளிக்கு 20,000 ரூபாய் வருவதாக வைத்துக்கொண்டு, நூலகப் புத்தகம், குடிநீர்க் குழாய், விளையாட்டுச் சாமான், கழிப்பறைக் கதவு என நான்கு திட்டம், நான்கு சின்னம். திட்டத்துக்கு ஐந்து பேர் கொண்ட அணி. அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பிள்ளைகளையே பிரித்துக்கொள்ளச் சொன்னால் பழைய கூட்டணியே திரும்பி வரும்.

நான்கு பாடவேளை போதும். முதல் நாள் விதிகளும் அணிகளும். அணியினர் அன்று மாலையே கடையில் விலை விசாரித்து வர வேண்டும். 'குழாய் போடுவோம்' என்று மட்டும் சொன்னால் வேட்புமனு தள்ளுபடி. இரண்டாம் நாள் அணிக்கு மூன்று நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. கேள்வி நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் வாக்குப்பதிவு. இரண்டு மறைப்பு வைத்தால் 40 பேர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நான்காம் நாள் எண்ணிக்கை.

செயலி வேண்டாம், காகிதச் சீட்டு போதும். ஆனால் ஒரு சின்னத்தில் மட்டும் முத்திரை குத்தாமல் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதச் சொல்லுங்கள். அப்போது ஒரே சீட்டுக் கட்டை மூன்று விதமாக எண்ணலாம்.

முதலில் '1' மட்டும். நூலகம் 16, குழாய் 12, விளையாட்டு 8, கதவு 4 என்று வந்தால் நம் சட்டமன்றத் தேர்தல் முறைப்படி நூலகம் வென்றது. 24 பேரின் முதல் விருப்பம் அது இல்லை என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்து இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முறை. யாரும் பாதியைத் தாண்டாததால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்ற 12 சீட்டுகளின் அடுத்த விருப்பத்தைப் பாருங்கள். அதில் 9 குழாய்க்கும் 3 நூலகத்துக்கும் போனால் 21-க்கு 19 என்று குழாய் வென்றுவிடும். மூன்றாவது, விகிதாச்சாரம், அதாவது வாங்கிய வாக்குக்கு ஏற்ற பங்கு: பத்து இடங்கள் என்றால் 4, 3, 2, 1. இப்போது யாருக்கும் பெரும்பான்மை இல்லை, கூட்டணி பேசியாக வேண்டும். வகுப்பு சூடுபிடிப்பது இங்கேதான்.

இலங்கையில் 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்தது. முதலில் இருந்தவரே வென்றார். உங்கள் வகுப்பிலும் முடிவு மாறாமல் போகலாம். அதற்காக மேலே சொன்ன கணக்கில் ஒரு மாதிரிச் சீட்டுக் கட்டைத் தயாராக வைத்திருங்கள். பத்தாம் வகுப்பில் குடியரசுத் தலைவர் தேர்தலின் ஒற்றை மாற்று வாக்கு (விருப்ப வரிசைப்படி வாக்கு அடுத்தவருக்கு மாறும் முறை) வரும்போது புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

சொதப்பும் இடங்கள். இரண்டு '1' போட்ட சீட்டு, வெறும் டிக் போட்ட சீட்டு செல்லுமா என்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள்; எண்ணும்போது முடிவெடுத்தால் தோற்கும் அணி சண்டைக்கு வரும், அதில் நியாயமும் இருக்கிறது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே பக்கத்துப் பிரிவு மாணவர்கள் எண்ணட்டும். கையொப்பப் பதிவேடு கட்டாயம். நிஜ வாக்குச்சாவடியில் வாக்காளர்கள் கையொப்பமிடும் 17ஏ பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் 17சி படிவத்தில் எழுதும் வாக்குக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். இங்கும் 40 கையொப்பத்துக்கு 41 சீட்டு வந்தால் மூடி மறைக்காமல் அதையே பாடமாக்குங்கள்.

"பள்ளிக்கூடத்தில் அரசியலா?" என்று தலைமை ஆசிரியரோ பெற்றோரோ கேட்பார்கள். ஜெர்மனியில் 1976-ல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் உருவான உடன்பாடு இதற்கு நல்ல விடை. ஆசிரியர் தன் கருத்தை மாணவர் மேல் திணிக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் நிலை என்ன, நலன் என்ன என்று மாணவர் தாமே ஆராயக் கற்க வேண்டும். இதை 'எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு' என்று புரிந்துகொண்டால் தப்பு. மதுவிலக்கு விவாதப் பொருள். தீண்டாமை விவாதப் பொருளே இல்லை, அரசமைப்பின் உறுப்பு 17 அதை ஒழித்துவிட்டது.

"சார், நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். யாருக்கு வாக்களித்தாய் என்று சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு. அதையே படித்துக் காட்டுங்கள்.

உள்ளாட்சிப் பாடத்துக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் கொடியேற்றி மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் நேரே அங்கே போகலாம். வாக்குரிமை இல்லாததால் தீர்மானத்தில் கை தூக்க முடியாது, பார்வையாளர்தான். சும்மா அனுப்பாமல் கேள்வித்தாள் கொடுங்கள்: குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது வர வேண்டியவர்கள், எத்தனை (501 முதல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் 100 பேர்), வருகைப் பதிவேட்டில் எத்தனை கையொப்பம், கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர், வரவு செலவு வாசிக்கப்பட்டதா, யார் என்ன கேட்டார்? இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும் பல ஊர்களில் ஒத்துப்போகாது. அதைப் பிள்ளைகள் பொதுவில் குற்றச்சாட்டாகப் பேசினால் வீட்டுக்குத் தொல்லை வரும். ஊர்ப் பெயர் இல்லாமல் வகுப்பில் அட்டவணையாக மட்டும் போடுங்கள்.

ஊராட்சித் தலைவர் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் கூட்டம் நடத்தும் காலத்தில் போனால் "தலைவர் எங்கே?" என்று கேட்பார்கள். ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் உறுப்பு 243இ (243E). தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டு, ஏன் என்று அவர்களையே தேடி வரச் சொல்லுங்கள்.