சில்க் போர்டில் அணைந்து அணைந்து எரியும் எஞ்சின்

கார் கம்பெனிகளுக்கு அரசு போட்ட மைலேஜ் விதி கூடாது என்று யாரும் அழவில்லை. கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்றிருந்ததை 2022-23இல் 113 ஆக இறுக்கினார்கள், சரி. ஆனால் அது கம்பெனி விற்கும் எல்லா வண்டிக்கும் சேர்த்த சராசரி. ஒரு மின்சாரக் காரை மூன்றாக எண்ணிக்கொள்ளலாம். என்ன கணக்கோ!

அந்தச் சராசரியைக் குறைக்க நம் தலையில் விழுந்தது ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்: வண்டி நின்றதும் எஞ்சின் தானாக அணையும், கிளம்பும்போது தானாக எழும். ஆய்வகச் சோதனையில் நிற்கும் நேரமும் உண்டு, அங்கே அணைந்தால் லாபம். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலிலோ பத்தடிக்கு ஒரு நிறுத்தம். எஞ்சினோடு ஏசி கம்ப்ரஸரும் படுத்துவிடும். உள்ளே புழுங்கியதும் தானாக உறுமும். பட்டனை அமுக்கி நிறுத்தினாலும் பெரும்பாலான வண்டிகளில் அடுத்த ஸ்டார்ட்டில் பழைய குருடி கதவைத் திறடி.

பேட்டரிதான் வயிற்றெரிச்சல். அடிக்கடி அணைந்து எழும் இந்த வேலைக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் எனும் உறுதியான பேட்டரி வகைதான் தாங்கும், விலையும் கூட. ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாரண பேட்டரியை மாட்டினால் அரை சார்ஜிலேயே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரமே கண்ணை மூடும். நெகட்டிவ் முனையில் பேட்டரி கரண்ட்டை அளக்கும் சென்சார் இருக்கும் வண்டியில் பாட்டு ஆம்ப்ளிஃபயர் எர்த்தை நேராக பேட்டரியில் கொடுக்கிறார்கள், பாடியில் கொடுக்கணும். இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் சென்சார் கண்ணிலேயே படாது.