பூட்லோடரை எங்கே வைப்பது?

லினக்ஸ் நிறுவும்போது மொழி, விசைப்பலகை, நேர மண்டலம் என்று வரிசையாகக் கேட்பார்கள். எதைத் தப்பாகச் சொன்னாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கணினியை இயக்கியதும் லினக்ஸையோ விண்டோஸையோ துவக்கிவிடும் சிறு நிரலான பூட்லோடரை எந்த டிஸ்க்கில் வைக்க வேண்டும் என்ற கேள்வியில் தப்பினால் மறுநாள் காலையில் கணினியே எழுந்திருக்காது. பலர் படிக்காமல் தாண்டிப்போவதும் இதைத்தான்.

நான் படித்துப் பார்த்துத்தான் மாட்டிக்கொண்டேன். அக்காள் மகளுக்காக, அத்தானின் கணினியில் செருகிய ஒரு வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவினேன். பூட்லோடருக்கும் அந்த எஸ்எஸ்டியையே தேர்ந்தெடுத்தேன். ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. மறுநாள் அவள் எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். காலை ஏழு மணிக்கு அத்தானிடமிருந்து அழைப்பு. "மாப்பிள்ளை, கருப்புத் திரையில் கிரப் என்று மட்டும் நிற்கிறது. வரி கட்ட இன்றுதான் கடைசி நாள்."

நடந்தது இதுதான். கிரப் என்பது லினக்ஸில் வழக்கமாக வரும் பூட்லோடர். இன்றைய கணினிகள் துவங்கும் யுஇஎஃப்ஐ முறையில் பூட்லோடர் என்பது, டிஸ்க்கில் துவக்கக் கோப்புகளுக்கென்று ஒதுக்கிய இஎஸ்பி என்ற சிறிய எஃப்ஏடி32 பார்ட்டிஷனில் கிடக்கும் சாதாரணக் கோப்பு. நிறுவி என்னிடம் டிஸ்க்கைக் கேட்டுக்கொண்டது. கோப்பை மட்டும் அத்தானின் விண்டோஸ் டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த இஎஸ்பியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. தாய்ப்பலகையின் நினைவகத்திலும் தன் பெயரை முதலில் எழுதிக்கொண்டது. எஸ்எஸ்டி போனதும் கிரப்புக்குத் தன் அமைப்புக் கோப்பு கிடைக்கவில்லை. எஃப்12 அழுத்தி விண்டோஸைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வரி கட்டியாயிற்று, மானம்தான் போயிற்று.

கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலை மதிக்காத நிறுவி, அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

யுஇஎஃப்ஐக்கு முந்திய பயாஸ் காலத்தில் குழப்பம் வேறு மாதிரி. டிஸ்க்கின் முதல் 512 பைட்டான எம்பிஆரில் துவக்க நிரலுக்குக் கிடைப்பது 446தான். மிச்சம் பார்ட்டிஷன் பட்டியலுக்கும் கையொப்பத்துக்கும். அதனால் கிரப் தன் மீதி உடம்பை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில் வைக்கிறது. முழு டிஸ்க்கைக் குறிக்கும் எஸ்டிஏ என்று கொடுக்க வேண்டிய இடத்தில் அதன் முதல் பார்ட்டிஷனான எஸ்டிஏ1 என்று கொடுத்தால், பார்ட்டிஷனுக்குள் தன் கோப்பு கிடக்கும் பிளாக் எண்களைக் குறித்துக்கொண்டு இருக்க வேண்டியதாகிறது. கோப்பு நகர்ந்தால் கதை முடிந்தது. இது நம்பத்தக்கதல்ல என்று கிரப்பே எச்சரிக்கிறது. பார்ட்டிஷனின் கோப்பு முறை எக்ஸ்எஃப்எஸ் என்றால் அதற்கும் வழியில்லை, அதன் தொடக்கத்திலேயே கோப்பு முறையின் விவரங்களைத் தாங்கிய சூப்பர்பிளாக் உட்கார்ந்திருக்கும்.

2020 ஜூலையில் நடந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. கிரப்பில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அவசரமாகப் புதுப்பிப்பு வந்தது. மறுதொடக்கம் செய்த பல உபுண்டு லினக்ஸ் கணினிகள் 'கிரப்_காலக்' என்ற உள் நிரல் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டன. எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று கிரப் மென்பொருள் தொகுப்பு குறித்து வைத்திருந்தது ஒன்று, கணினி உண்மையில் துவங்கிக்கொண்டிருந்தது வேறொன்று. துணை மாட்யூல்கள் புதியவை, எம்பிஆர் பக்கத்துக் கிரப் பழையது, இரண்டும் ஒட்டவில்லை. என்றோ டிஸ்க்கை மாற்றியவர்களுக்கு அன்றைக்குத்தான் பில் வந்தது.

என் கட்சி ஒன்றுதான்: எந்த டிஸ்க்கில் இயங்குதளம் இருக்கிறதோ, பூட்லோடரும் அதே டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒரே கிரப் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டுவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்றும் சேர்ந்து படுக்கக் கூடாது. வெளி டிஸ்க் என்றால் அதற்கென்று 300 எம்பியில் தனி இஎஸ்பி உருவாக்குகிறேன். கிரப்பை 'ரிமூவபிள்' தேர்வோடு நிறுவுகிறேன். அப்போது பூட் என்ற பொதுப் பெயரில் கோப்பு விழும்; பெரும்பாலான யுஇஎஃப்ஐ கணினிகளில் செருகினால் எழும்.

நிறுவும் முன் உள் டிஸ்க்கைத் திருகு கழற்றி வெளியே எடுத்துவிடுகிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். அத்தான் சிரிப்பதில்லை, திருப்புளியை அவரே எடுத்துத் தருகிறார்.