பர்மிட் ராஜ் இன்னும் ஒழியவில்லை

ராஜாஜியைப் பற்றி எழுதினால் இங்கே உடனே இரண்டு வரிசையில் ஆள் சேர்ந்துவிடுகிறது. ஒரு வரிசைக்கு அவர் குலக்கல்வி ஆச்சாரியார், இன்னொரு வரிசைக்கு மூதறிஞர். இரண்டு வரிசைக்கும் சொல்வதற்கு நியாயம் உண்டு. ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். ஒரு மனிதன் பிழைப்பிலும் பேச்சிலும் அரசாங்கம் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பது பற்றி, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக உட்கார்ந்ததிலிருந்து 1972 டிசம்பரில் கண் மூடும்வரை அவர் சொன்னதும் செய்ததும். இன்று தமிழ்நாட்டில் நாம் படும் பாட்டுக்கு அதில் நேரடியான பாடம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த பாதியை முதலில் பார்த்துவிடுவோம். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அந்த ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. காங்கிரஸை விட்டு ஏற்கெனவே வெளியே வந்திருந்தவர், அந்த வயதில் புதுக் கட்சி கட்டி, நேரு உச்சத்தில் இருந்த காலத்தில் நேருவுக்கு எதிராக நின்றார். 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்ற பெயரை நாட்டின் நாக்கில் ஏற்றியவர் அவர்தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது 1951-ம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். பட்டியலில் உள்ள தொழிலில் ஆலை தொடங்க டெல்லியின் அனுமதி வேண்டும். இருக்கிற ஆலையைப் பெரிதாக்க வேண்டுமா, புதிதாக ஒரு பொருள் செய்ய வேண்டுமா, இடம் மாற்ற வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தனித்தனி அனுமதி. இதனால் உற்பத்தி குறையும், விலை ஏறும் என்பதைப் பொருளாதாரம் படித்த யாரும் சொல்வார்கள். ராஜாஜி சொன்னது அதற்கும் மேலே. அனுமதி கொடுக்கிற பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் எஜமான் ஆகிவிடுகிறார், அனுமதிக்குக் காத்திருப்பவர் கட்சி நிதி கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்தவர் அதற்குப் பிறகு அந்தக் கட்சிக்கு எதிராக வாய் திறக்க முடியாது. லைசென்ஸ் கோப்பு ஒருவனுடைய பணத்தை மட்டும் பிடித்து வைப்பதில்லை, அவன் வாக்கையும் வாயையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. இதுதான் அவருடைய வாதத்தின் நடு முதுகெலும்பு. இன்று அவரைத் தாராளமயத்தின் முன்னோடி என்று கொண்டாடுகிறவர்கள் விட்டுவிடுவது சரியாக இந்த இடத்தைத்தான். பொருளாதாரம் பற்றிப் பேசும்போதே அவர் குடிமை உரிமையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டு வரும் என்பதற்குத் தங்கக் கட்டுப்பாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1962 அக்டோபரில் சீனப் போருக்காக அவசரநிலை அறிவித்தார்கள். நவம்பரிலேயே சண்டை நின்றுவிட்டது. அவசரநிலை மட்டும் 1968 ஜனவரி வரை நீடித்தது. அதன் கீழ் வந்த இந்தியப் பாதுகாப்பு விதிகளைப் பயன்படுத்தித்தான் 1963 ஜனவரியில் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் ஆணை போட்டார். ஒரு பத்தர் பட்டறையை நினைத்துப் பாருங்கள். குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், சின்னத் தராசு, கம்பி இழுக்கும் அச்சுத் தகடு. அப்பாவிடம் கற்று 22 காரட்டில் பழகிய கை. 14 காரட் தங்கம் அந்தக் கைக்கு வளையாது, வாங்கவும் ஆள் வரமாட்டார்கள். பழைய மாதிரி ஒரு ஜோடித் தோடு செய்து கொடுத்தால் குற்றம், அதுவும் நாட்டின் பாதுகாப்புக்காகப் போட்ட விதிகளின் கீழ். நாடு முழுக்கப் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன, தற்கொலைகள் நடந்தன. அதே பாதுகாப்பு விதிகளின் கீழ்தான் எதிர்க்கட்சிக்காரர்களும் விசாரணையில்லாமல் அடைபட்டார்கள். ஒரே சட்டம் பட்டறையைப் பூட்டியது, அரசியல்வாதியையும் பூட்டியது. இதைப் பொருளாதாரக் கொள்கை என்பதா, உரிமைப் பறிப்பு என்பதா?

இதுவரை ராஜாஜியோடு முழுக்க நிற்கிறேன். இனிச் சொல்லப்போவது எனக்கு வருத்தமான பாதி.

1919 மார்ச்சில் காந்தி சென்னையில் தங்கியிருந்தார். அவரை அங்கே வைத்து உபசரித்தவர்களில் முக்கியமானவர் ராஜாஜி. விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வழி செய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் என்ற யோசனை காந்திக்கு அந்த வீட்டில்தான் உதித்தது, காலையில் முதலில் சொன்னது ராஜாஜியிடம். பதினோரு ஆண்டு கழித்து, 1930 ஏப்ரலில், திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். உப்புச் சட்டம் என்பதே அரசின் ஏகபோகமும் வரியும்தான். அதை மீற நடந்த நடை ஒரே நேரத்தில் பொருளாதாரப் போராட்டம், உரிமைப் போராட்டம். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள், இடம் கொடுக்கிறவர்கள் மீது நடவடிக்கை பாயும் என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். தொண்டர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டு நடந்தார்கள். ராஜாஜி சிறைக்குப் போனார்.

1937-ல் அவரே சென்னை மாகாணப் பிரதமர். அடுத்த ஆண்டு பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று அரசாணை. சென்னையில் இந்து தியாலஜிகல் பள்ளிக்கூடத்தின் முன்னால் மறியல் செய்தவர்களைப் பிடிக்க அவர் அரசாங்கம் எடுத்தது 1932-ம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம். யாரை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம் அது? சட்டமறுப்பு செய்த காங்கிரஸ்காரர்களை. அடக்குமுறைச் சட்டம் என்று காங்கிரஸ் காறித் துப்பிய சட்டம். ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள், கைக்குழந்தையோடு பெண்களும் போனார்கள். பெரியாருக்கு ஓராண்டு தண்டனை. நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைவாசத்திலேயே உயிரை விட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 1950 கடைசியில் பட்டேல் மறைந்ததும் ராஜாஜி உள்துறை அமைச்சர் ஆனார். விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வழி செய்யும் தடுப்புக் காவல் சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. சென்னைச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில் 1950-ல் உச்ச நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் செல்லும் என்று சொல்லிவிட்டது. 1951-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆயுளை நீட்டி, நாடாளுமன்றத்தில் நின்று வாதாடியவர் ராஜாஜி. அதே ஆண்டில் ஆட்சேபகரமான விஷயங்கள் என்ற பெயரில் ஒரு பத்திரிகைச் சட்டமும் கொண்டுவந்தார். அச்சகத்திடமும் பத்திரிகையிடமும் ஜாமீன் தொகை கேட்கலாம், பறிமுதல் செய்யலாம் என்ற சட்டம். காந்தி சிறையில் இருந்தபோது 'யங் இந்தியா'வைக் கவனித்துக்கொண்ட கைதான் அதை எழுதியது. ரௌலட்டை எதிர்த்த வீட்டில் இருந்த மனிதர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்?

நான் புரிந்துகொண்டது இதுதான். கோப்பு இன்னொருவர் கையில் இருந்தபோது அதிகாரத்தின் ஆபத்து அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. தன் கையில் இருந்தபோது, தன் நேர்மையே போதுமான காவல் என்று நினைத்துவிட்டார். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் நேர்மையான ஆள் தயாரித்து வைத்த சட்டத்தை அடுத்து வருகிற ஆள் எடுத்துக்கொள்கிறார். லைசென்ஸ் விஷயத்தில் நேருவிடம் அவர் வைத்த வாதமே அதுதானே? உங்கள் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும், நீங்கள் கட்டும் இயந்திரம் கெட்டது என்பதுதானே?

அவருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். 1952-ல் முதல்வராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். எல்லோரும் பஞ்சம் வரும் என்று பயந்த நேரம், துணிந்து செய்தார், பலித்தது. அதே ஆண்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் மிராசுதார் நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி அவசரச் சட்டம் போட்டவரும் அவர்தான். அதே கை பின்னால் ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் நிறைந்த கட்சிக்குத் தலைமை தாங்கி, நிலச் சட்டங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்த 17-வது அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்தது. யாருடைய சுதந்திரம் என்று பண்ணையாள் கேட்டால் சுதந்திராக் கட்சியிடம் முழுப் பதில் இருந்ததில்லை. 1967-ல் நாடாளுமன்றத்தில் 44 இடம் வரை வந்த கட்சி சில ஆண்டுகளில் கரைந்ததற்கு இதுவும் காரணம் என்றே நினைக்கிறேன்.

1991 ஜூலையில் 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்குத் தொழில் லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. முதலாளியைப் பொறுத்தவரை ராஜாஜி ஜெயித்துவிட்டார். குடிமகனைப் பொறுத்தவரை?

போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம். நில எடுப்பு பற்றிக் கேள்வி கேட்க வந்தவர்களைப் பார்த்து ஒரு கவுன்சிலர் சொன்னார்: "தொழில் வரணும்னா ஊர் கொஞ்சம் அமைதியா இருக்கணும் தம்பி. நாலு பேர் கொடி புடிச்சா கம்பெனிக்காரன் பக்கத்து ஸ்டேட்டுக்குப் போயிடுவான். உரிமையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." கெட்ட மனிதர் இல்லை. தெருவிளக்கு, சாக்கடை என்று எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிறவர். அவர் கட்சியில் மேலிருந்து கீழ்வரை எல்லோரும் நம்புவதை அவரும் நம்புகிறார். எதிர்க்கட்சியிலும் இதே நம்பிக்கைதான், ஆட்சி மாறினால் வசனம் கைமாறும், அவ்வளவே.

அந்த நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதற்கு 2023 நவம்பரைப் பார்த்தால் போதும். செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டையின் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடிய விவசாயிகளில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் போட்டார்கள். 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம், சாராயம் காய்ச்சுகிறவர்கள், போதைப்பொருள் கடத்துகிறவர்கள், ரவுடிகள் ஆகியோருக்காக என்று சொல்லிக் கொண்டுவந்தது. ஜாமீன் கிடையாது, 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம், ஆலோசனைக் குழுவின் முன்னால் வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. கண்டனம் கிளம்பியதும் ஆறு பேர் மீதான ஆணையை முதல்வர் உத்தரவின்படி திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் சொந்த நிலத்தைக் கொடுக்க மறுத்தவர் குண்டர் என்று எழுதிய கோப்பில் முதலில் கையெழுத்துப் போட முடிந்ததே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 1951-ல் ராஜாஜி ஆயுள் நீட்டிய அதே சிந்தனையின் வாரிசுதான் இந்தச் சட்டம். மாறி மாறி வந்த அரசுகள் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன, எடுத்துவிடவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். தொழில் தொடங்க வருகிறவருக்கு 2018-ல் தமிழ்நாடு தொழில் எளிதாக்குதல் சட்டம் வந்தது. ஒற்றைச் சாளரம், இணையத்தில் விண்ணப்பம், ஒவ்வொரு துறையும் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதை நான் மனதார வரவேற்கிறேன். ராஜாஜி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அதே தமிழ்நாட்டில் ஒரு விவசாய சங்கம் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்து கோஷம் போட என்ன செய்ய வேண்டும்? ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். '30(2) அமலில் இருக்கிறது' என்பார்கள். கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போலீஸ் அனுமதி கேட்க வைக்கிற பிரிவு அது, 1861-ம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தில் இருப்பது. சென்னையில் என்றால் 1888-ம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவு. கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி 'அனுமதி மறுக்கப்படுகிறது' என்று ஒரு தாள் வரும். உயர் நீதிமன்றத்துக்கு ஓடக் காசும் வக்கீலும் இருப்பவர்களுக்குத்தான் பேசவும் கூடவும் உரிமை தருகிற அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு.

இது பர்மிட் ராஜ் இல்லாமல் வேறென்ன? கோப்பு, காத்திருப்பு, காரணம் சொல்லாத மறுப்பு, தெரிந்த ஆளைப் பிடித்தால் நகரும் தாள், எல்லாம் அப்படியே இருக்கிறது. முதலாளியை விட்டுவிட்டுச் சங்கக்காரனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலீடு வேண்டும் என்பவர்களுக்கும் இதில் நஷ்டம்தான். நிலம் கொடுக்கிறவன் வாய்விட்டுப் பேரம் பேச முடியாத ஊரில் நிலத்தின் விலை சந்தை விலையே இல்லை, அதிகாரி எழுதிய விலை.

அந்தக் கவுன்சிலர் இதைப் படிப்பார் என்று தெரியும், என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். அண்ணே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் மாவட்டச் செயலாளரிடம், எம்.எல்.ஏ.விடம் எடுத்துப் போங்கள். தொழிலுக்கு வைத்திருக்கிற விதியை ஊர்வலத்துக்கும் வையுங்கள். மனு கொடுத்தால் ரசீது, மூன்று நாளுக்குள் பதில், மறுத்தால் எழுத்தில் காரணம், பதில் வராவிட்டால் அனுமதி கொடுத்ததாக அர்த்தம். குண்டர் சட்டத்தில் நிலம், கூலி, குடிநீர் சம்பந்தமான போராட்டக்காரர்கள் மீது ஆணை போடக் கூடாது என்று ஒரு வரித் திருத்தம். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக நாங்கள் கொண்டுவருகிறோம். முன்மொழிய ஆள் தயார், வழிமொழிய நீங்கள் வாருங்கள்.