போஸ்டர் கேட்டவனுக்குப் போஸ்டரின் ஜெராக்ஸ்

நேற்று சாயங்காலம் வந்த அட்டைக் குழலைப் பிரித்ததிலிருந்து வயிறு எரிகிறது, எழுதித் தீர்த்தால்தான் ஆறும் போலிருக்கிறது. இத்தனைக்கும் நான் அசல் ஓவியம் கேட்கவில்லை, ஓவியர் கையெழுத்துப் போட்டு எண்ணிட்ட பிரின்ட் கூடக் கேட்கவில்லை, வெறும் போஸ்டர்தான் கேட்டேன். யோகோஹாமா கலை அருங்காட்சியகத்தில் 2012-இல் ஜப்பானிய ஓவியர் யோஷிதொமோ நாராவின் கண்காட்சி நடந்ததே, அதற்காக அப்போதே ஆஃப்செட்டில் அடித்த போஸ்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். விலை 9,800 யென். பணம் கட்டுவதற்கு முன்னால் விற்பவரிடம் இரண்டு தடவை கேட்டேன், இது அந்தச் சமயத்து அச்சா, பின்னால் யாராவது போட்டதா என்று. இரண்டு தடவையும் "அப்போது அச்சிட்டதுதான்" என்றே பதில் வந்தது.

விரித்த உடனேயே படத்துப் பெண்ணின் கன்னத்தில் ஏதோ கண்ணை உறுத்தியது. வரிவரியாக ஓர் அலை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

ஆஃப்செட் அச்சை லூப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான்கு மைகளின் புள்ளிகளும் சேர்ந்து குட்டிக் குட்டி ரோஜாப் பூ மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சிவகாசி காலண்டரின் சாமி படத்தைப் பார்த்தாலும் அதே கோலம்தான் தெரியும், தொழில்நுட்பம் ஒன்றுதானே. இங்க்ஜெட் அப்படி இருக்காது, மை ஒழுங்கில்லாமல் தூவினது போல இருக்கும். எனக்கு வந்ததில் இரண்டுமே இருந்தன. மேலே இங்க்ஜெட்டின் தூவல், அதற்குள்ளே மங்கலாக, பாதி கரைந்துபோன ரோஜா வட்டங்கள். புரிகிறதா? யாரோ உண்மையான போஸ்டரை ஸ்கேன் பண்ணி, அதன் புள்ளிகளையும் சேர்த்துப் படமாக்கி, இங்க்ஜெட்டில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கன்னத்து அலை அப்படி வந்ததுதான், ஸ்கேனரின் கட்டமும் ஆஃப்செட்டின் புள்ளியும் ஒன்றோடொன்று மோதிய தழும்பு.

நாரா படத்துக்கு இதைச் செய்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று சொல்ல வேண்டும். 2000-க்குப் பிறகு அவர் வரைந்த பெண் முகங்களை நேரில் பார்த்தால் சட்டென்று ஒரே தோல் நிறமாகத்தான் தெரியும், கிட்டே போனால் அதற்குள் பச்சை, வெளிர் மஞ்சள், ரோஸ் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லியதாகக் கிடக்கும். கண்ணுக்குள் பார்த்தால் இன்னும் அதிகம். நல்ல காகிதத்தில் கவனமாக அடித்த போஸ்டர் அதில் பாதியையாவது கொண்டுவந்து சேர்க்கும், எனக்கு அந்தப் பாதி போதும். அசலுக்கு நான் எங்கே போக? அவருடைய 2000-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் ஏறக்குறைய 2.5 கோடி டாலருக்குப் போனது. என்னைப் போல டோக்கியோவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறவர்களுக்குப் பிரதிதான் வழி, அதில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. சொன்ன பிரதியைக் கொடுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

லூப்பில் எடுத்த போட்டோக்களோடு எழுதிக் கேட்டேன். வந்த பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. பாப் ஆர்ட்டில் அசல் என்ன, நகல் என்ன, சுவரில் மாட்டினால் எல்லாம் ஒன்றுதானே, ஓவியர் முரகாமியே அதைத்தானே சொல்கிறார் என்கிறார் அந்த ஆள்.

முரகாமி எப்போது சொன்னார்? தகாஷி முரகாமி 2000-இல் 'சூப்பர்ஃபிளாட்' என்று பேச ஆரம்பித்தது, ஜப்பானில் உயர்ந்த கலைக்கும் சரக்குக்கும் நடுவே மேற்கில் இருப்பது போன்ற சுவர் இருந்ததில்லை, மடிப்புத் திரைகளில் வரைந்த பழைய ஓவியத்தின் தட்டையும் ஜப்பானியக் கார்ட்டூனான அனிமேயின் தட்டையும் ஒரே பரம்பரை என்பதற்காக. நிஹோங்கா என்ற மரபு ஓவியத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர் அவர், பொருளைப் பற்றித் தெரியாமல் பேசுகிறவர் இல்லை. அவருடைய பூக்கள் பிரின்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதுவும் ஆஃப்செட்தான், லூப்பில் அதே புள்ளிதான், ஆனால் மேலே உலோகத் தாள் அழுத்தி, பளபளப்பு வார்னிஷ் ஏற்றி, 300 பிரதியோடு நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திடுகிறார். சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் வேறு வேறாக ஓடும். அதே பூவை மெத்தையாகவும் சாவிக்கொத்தாகவும் விற்கிறார், சரி. மெத்தையை மெத்தை என்றுதான் விற்கிறார்! 300-இல் ஒன்று என்று எழுதிக் குஷனை யாருக்காவது அனுப்பினாரா? எல்லாம் ஒரே தளத்தில் இருக்கலாம் என்பதற்கும் எதை வேண்டுமானாலும் எதன் பெயரில் வேண்டுமானாலும் விற்கலாம் என்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இந்த ஆள் ஒருவர் மட்டும் என்றால் விட்டுவிடுவேன். சந்தை முழுக்கச் சொற்களை வைத்துத்தான் ஏமாற்று நடக்கிறது. 'ஜிக்ளே' என்பது 1991 வாக்கில் அமெரிக்க அச்சுக்காரர் ஒருவர், இங்க்ஜெட் என்று சொன்னால் மதிப்பாக இருக்காது என்று பிரெஞ்சிலிருந்து எடுத்து வைத்த பெயர், பீய்ச்சுவது என்றுதான் அர்த்தம். நல்ல மையில் நல்ல காகிதத்தில் போட்ட ஜிக்ளேயும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் ஆஃபீஸ் பிரின்டரில் அடித்ததற்கும் இன்று அதே பெயர். 'லிமிடெட் எடிஷன்' என்பார்கள், எத்தனை என்று கேட்டால் மௌனம். 'கையெழுத்துடன்' என்று, புள்ளி புள்ளியாக வரையும் ஜப்பானிய ஓவியர் குசாமாவின் பூசணிக்காய்ப் படத்தைப் போடுவார்கள், அந்தக் கையெழுத்தே படத்தோடு சேர்த்து அச்சானது. கண்காட்சிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அறுத்து, அட்டை வைத்து ஃபிரேம் போட்டு 'பிரின்ட்' என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள், திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் கட்டுரையின் நடுப்பகுதி ஓடுகிறது. ஒரு நல்ல புத்தகத்தையும் கொன்று, வாங்குகிறவனையும் ஏமாற்றுவது.

இதெல்லாம் ஜப்பானில் நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிரதி எடுப்பதைக் கௌரவமான தொழிலாக வைத்திருக்கும் ஊர் இது. 'ஃபுக்கொகு' என்று அதற்கென்றே சொல் இருக்கிறது. ஹொகுசாயின் 'பேரலை' என்ற மர அச்சுப் படம் 1831 வாக்கில் வந்தது, இன்றைக்கும் டோக்கியோவில் செர்ரி மரப் பலகையில் அதைப் புதிதாகச் செதுக்கி, ஒவ்வொரு நிறமாகக் கையால் தேய்த்து எடுக்கிறார்கள், இது மறுசெதுக்கு என்று தெளிவாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். இது 1831-இல் போட்டது என்று அந்தப் பட்டறைகள் யாரையும் நம்ப வைப்பதில்லை, அதனாலேயே நான் அதைப் பெருமையோடு மாட்டி வைத்திருக்கிறேன். அடாச்சி பட்டறையின் கைவினைஞர்கள் குசாமாவின் ஃபுஜி மலையையும் இப்படி மரத்தில் செதுக்கி அச்சிட்டிருக்கிறார்கள், அத்தனை புள்ளிகளோடும். ஜிம்போச்சோவில் நான் போகும் பழைய புத்தகக் கடையில் போஸ்டருக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், மேல் ஓரத்தில் 1 செ.மீ. கிழிசல், இரண்டு மடிப்பு என்று கையால் எழுதி. அந்தச் சீட்டைப் படித்துவிட்டுக் கூடுதல் விலை கொடுக்கவும் எனக்கு மனம் வருகிறது.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆபீஸில் திருநெல்வேலிப் பையன் ஒருவன், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, என்னைப் பார்த்து இந்தப் படங்களின் மேல் ஆசை வந்து, போன மாதம் மூன்று வாங்கிவிட்டான், ஒவ்வொன்றும் 25,000 யென். "அண்ணே, வந்து லூப் வச்சுப் பாருங்க" என்று வீட்டுக்குக் கூப்பிட்டான். பார்த்தேன். மூன்றும் இங்க்ஜெட். ஒன்றில் ரோஸ் நிறம் இப்போதே வெளுக்க ஆரம்பித்திருக்கிறது, ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறான். முதல் தடவையாகத் தன் காசில் கலை என்று ஒன்றை வாங்கியிருக்கும் பையன், அவனிடம் எதைச் சொல்வது? வேறு சுவருக்கு மாற்றிவிடு தம்பி, வெயில் படக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

என் போஸ்டரைத் திருப்பி அனுப்பலாம் என்கிறார்கள், அனுப்பும் செலவு என் தலையில். காசு போனால் போகிறது, விளம்பரத்தில் 'ஆஃப்செட்' என்பதை எடுத்துவிட்டு 'இங்க்ஜெட் நகல்' என்று மாற்றுங்கள், அது போதும் என்று எழுதினேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். அதே போட்டோ, அதே 'அப்போது அச்சிட்டது', விலையை மட்டும் 11,500 யென் ஆக்கியிருக்கிறார்கள்.